கை உதறும் பிள்ளைகள்: கொழும்புப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஓட்டிசம் (ஆட்டிசம்) என்ற வளர்ச்சி வேறுபாடு உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காரும் வகுப்பு எங்களுடையது. பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாமார், அப்பம்மாமார், மாமிமார் கேற்றடியில் நின்று குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். குரலைத் தாழ்த்த வேண்டிய விஷயம் இதில் எதுவும் இல்லை.

மகனுக்குச் சந்தோஷம் வந்தால் இரண்டு கையையும் படபடவென்று உதறுகிறான். இதைத்தான் ஸ்டிமிங் என்கிறார்களா?

ஆம். ஒரே அசைவையோ ஒலியையோ திரும்பத் திரும்பச் செய்து உடம்பையும் மனதையும் ஒரு நிலைக்குக் கொண்டுவருவதுதான் ஸ்டிமிங். கை உதறுவது சட்டென்று கண்ணில் படுவதால் அதைப் பற்றியே எல்லாரும் கேட்கிறார்கள். முன்னும் பின்னும் ஆடுவது, நுனிக்காலில் துள்ளுவது, விரல்களைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டிப் பார்ப்பது, சுற்றுகிற ஃபேனை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பது, சட்டையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருப்பது, ஒரு விளம்பர வரியை நாள் முழுக்கச் சொல்வது எல்லாம் இதே வகைதான்.

சில நாட்களில் வகுப்பு முடியும் முன்பே, பாட்டுப் போட்டுப் பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் வந்துவிடும். அந்தப் பாட்டைக் கேட்டதும் ஜன்னலடிக்கு ஓடுகிறவர்களில் ஒருத்தி, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு மணிக்கட்டை மட்டும் தளர்த்தி, நனைந்த கையிலிருந்து தண்ணீரை உதறுவது போல உதறுவாள். வாய் அகலத் திறந்திருக்கும். அவளுக்கு ஓட்டிசம் இல்லை. பக்கத்தில் நிற்கும் பையன் கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, விரல்களை விரித்து, நுனிக்காலில் நின்று உதறுவான். ஓட்டோ திரும்பிப் போன பிறகும் அது கொஞ்ச நேரம் ஓயாது. அவனுக்கு ஓட்டிசம் உண்டு. இன்னொருவன் சுவரோரம் ஒதுங்கி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஆடுவான். அவனுக்கும் ஓட்டிசம்தான், ஆனால் அவனுக்கு அந்தப் பாட்டு வேதனை. கையை மட்டும் பார்த்து யாருக்கு என்ன என்று சொல்ல என்னால் முடியாது. டொக்டராலும் முடியாது.

கை உதறினாலே ஓட்டிசம்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்களே?

இல்லை. லியோ கன்னர் என்ற சிறுவர் மனநல மருத்துவர் 1943-இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதே திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளைக் குறிப்பிட்டார். அன்றிலிருந்து இந்த அசைவு ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக இருக்கிறது. அடையாளங்களில் ஒன்று, அவ்வளவுதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, டொக்டர்மார் நோயறியப் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் ஓட்டிசத்துக்கான அடையாளங்கள் இரண்டு பகுதிகளாக உள்ளன. முதலாவது, மற்றவர்களோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் இருக்கும் சிரமங்கள்: அதில் சொல்லப்பட்ட மூன்று வகைச் சிரமமும் இருக்க வேண்டும். இரண்டாவது, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு அல்லது பேச்சு, மாற்றத்தைத் தாங்க முடியாமை, ஒரே விஷயத்தில் ஆழ்ந்த ஈடுபாடு, ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு அளவுக்கு மிஞ்சியோ குறைந்தோ காட்டும் எதிர்வினை: இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். கை உதறல் இந்த நான்கில் ஒன்றுக்குள் ஒரு பகுதி மட்டுமே.

அதனால் கையை விட்டுவிட்டு வேறு விஷயங்களைப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? காகம் பறந்தால் விரலை நீட்டி உங்களுக்குக் காட்டுகிறானா? தனக்குப் பிடித்ததைக் கொண்டுவந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? சொன்ன சொற்களை மறந்துவிட்டானா? ஒன்றரை வயதுக்குப் பிறகும் இவற்றில் குறை தெரிந்தால், கை உதறினாலும் உதறாவிட்டாலும் காட்ட வேண்டும். உதறவே உதறாத ஓட்டிசப் பிள்ளைகளும் உண்டு. அவர்களைத்தான் நாம் பெரும்பாலும் தவறவிடுகிறோம், அதிலும் பெண் பிள்ளைகளை.

ஓட்டிசம் இல்லாதவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

மனிதர்கள் எல்லாரும் செய்வதுதான். எஸ்தர் தெலன் என்ற ஆய்வாளர், நன்றாக வளரும் 20 கைக்குழந்தைகளை அவர்களின் முதல் வயது முழுக்கக் கவனித்து 1979-இல் எழுதினார். காலை உதைப்பது, உடம்பை ஆட்டுவது, கையை அடிப்பது என்று 47 வகையான தாளமான அசைவுகளை அவர் பதிந்துவைத்தார். நமக்கு இது புதுச் செய்தி இல்லை. பிள்ளைத்தமிழில் குழந்தை தலையை நிமிர்த்தி அசைந்தாடுவதற்குச் செங்கீரைப் பருவம், கைகொட்டுவதற்குச் சப்பாணிப் பருவம் என்று தனித்தனியே பருவம் வகுத்துப் பாடியவர்கள் நாம். கையைக் கொட்டு, ஆடு என்று குழந்தையைக் கெஞ்சிக் கேட்டவர்களின் வழியில் வந்துவிட்டு, மூன்று வயதில் அதையே பார்த்துப் பயப்படுகிறோம்.

வளர்ந்தவர்களும் விட்டுவிடவில்லை. 101 பஸ்ஸில் காலி வீதி நெரிசலில் மாட்டிக்கொண்டால் எத்தனை முழங்கால் ஆடுகிறது என்று பாருங்கள். காலாட்டினால் வீட்டுக்குத் தரித்திரம் என்று அதட்டி வளர்த்தும் அது போகவில்லை. பரீட்சை மண்டபத்தில் பேனையைத் தட்டுவது, யோசிக்கும்போது தலைமுடியைச் சுருட்டுவது, ஃபோனில் கதைக்கும்போது அறைக்குள்ளேயே நடப்பது, நகம் கடிப்பது எல்லாம் அதேதான். மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகள் அசைந்து அசைந்து ஓதுகிறார்கள், அசைவோடு பாடம் மனதில் நிற்கிறது. கெத்தாராமவில் கடைசி ஓவரில் விக்கெட் விழும்போது நிற்கிற கூட்டத்தின் கைகளையும் பாருங்கள். வேறுபாடு எங்கே என்றால், பெரியவர்கள் செய்யும் அசைவுகள் சபைக்கு ஏற்றவை என்று நாம் ஒத்துக்கொண்டுவிட்டோம். கை உதறலை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஓட்டிசம் இல்லாத சில பிள்ளைகளுக்குக் கை உதறல் மிகத் தெளிவாக, மூன்று வயதுக்கு முன்பே தொடங்கி, பல வருடங்கள் நீடிக்கும். சந்தோஷத்திலோ கற்பனை விளையாட்டில் மூழ்கும்போதோ வரும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நின்றுவிடும். பேச்சு, பழக்கம், படிப்பு எல்லாம் வயதுக்கேற்றபடி இருந்தால் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

அப்படியென்றால் ஓட்டிசமுள்ளவர்களிடம் ஏன் இவ்வளவு கூடுதலாக இருக்கிறது?

வெளியிலிருந்து வருவது அவர்களுக்குக் கூடுதலாக வந்து சேர்கிறது, அல்லது போதாமல் வருகிறது. புறக்கோட்டை மெயின் வீதியில் ஒரு பின்னேரத்தை நினைத்துப் பாருங்கள்: ஹோர்ன், கூவி விற்கிறவர்கள், கருவாட்டு வாசம், தோளில் இடிக்கும் ஆட்கள். நமக்கு மூளை முக்கால்வாசியைத் தானாகவே ஒதுக்கிவிடும். ஓட்டிசமுள்ள பலருக்கு எல்லாம் ஒரே சத்தத்தில் உள்ளே வரும். அப்போது தன் கையிலிருந்தே வருகிற, அடுத்து என்ன வரும் என்று தெரிந்த ஓர் அசைவு அவர்களுக்குப் பிடிமானம். வேறு சிலருக்குத் தங்கள் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வே மங்கலாக இருக்கும். துள்ளும்போதும் உதறும்போதும் மூட்டுகளிலிருந்தும் தசைகளிலிருந்தும் மூளைக்கு அந்தச் செய்தி கிடைக்கிறது.

பயத்தில் மட்டும் வருவதில்லை. சந்தோஷம் தாங்காமலும் வரும், யோசிக்க உதவியாகவும் வரும், சலிப்பிலும் வரும். ஒரே பிள்ளை வேறு வேறு மனநிலைக்கு வேறு வேறு விதமாகக் கையை அசைப்பான். கொஞ்சம் கவனித்தால் உங்களுக்கே வித்தியாசம் தெரிந்துவிடும். எங்கள் வகுப்பில் ஒரு மகள் சந்தோஷத்தில் கையை மேலே உதறுவாள். களைத்தால் கையைத் தொடைக்குப் பக்கத்தில் தாழ்த்தி, வேகமாக, முகத்தை இறுக்கிக்கொண்டு உதறுவாள். இரண்டாவது வகை தொடங்கிய உடனே அவளைச் சத்தம் குறைந்த மூலைக்குக் கூட்டிப்போனால் அழுகை வராது. விட்டுவிட்டால் கட்டாயம் வரும். சொல் இல்லாமலே அவள் முன்கூட்டிச் சொல்கிறாள் என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

எப்படி நிறுத்துவது?

இதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. ஆருக்கும் காயமில்லை என்றால் நிறுத்தாதீர்கள் என்பதுதான் என் பதில். தயங்கிச் சொல்லவில்லை, நிச்சயமாகச் சொல்கிறேன்.

நிறுத்தப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. 1960களில் கலிஃபோர்னியாவில் ஐவர் லோவாஸ் என்ற உளவியலாளர், பிள்ளைகளின் இந்த அசைவுகளை ஒழிக்கக் கத்துவது, அறைவது, மின் அதிர்ச்சி கொடுப்பது வரை போனார். அவ்வளவு கொடுமை இல்லாவிட்டாலும், கையைப் பிடித்து மேசையில் அழுத்தி வைத்து ‘கை அடங்கட்டும்’ என்று சொல்லிப் பழக்கும் முறை பல நாடுகளில் நீண்ட காலம் நடந்தது. நம் ஊரிலும் வேறு வேறு பெயரில் நடக்கிறது. அப்படி வளர்ந்த ஓட்டிசக்காரர்கள் இப்போது பெரியவர்களாகித் தாங்களே பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஓட்டிசமுள்ள பெரியவர்களிடமே ஸ்டிமிங் பற்றிக் கேட்டார்கள். தங்களை அமைதிப்படுத்துகிறது, மிஞ்சி வரும் உணர்ச்சியைத் தாங்க உதவுகிறது என்றார்கள், அதை ஒழிக்கும் நோக்கமுள்ள சிகிச்சையை எதிர்த்தார்கள்.

அடக்கச் சொன்னால் அடக்குவார்கள். அதற்கு விலை உண்டு. கையைச் சும்மா வைத்திருப்பதிலேயே கவனம் முழுக்கப் போய்விடும், பாடம் காதில் ஏறாது. பள்ளிக்கூடத்தில் ‘நல்ல பிள்ளை’யாக இருந்துவிட்டு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வெடித்து அழுகிற பிள்ளைகளைப் பற்றி அம்மாமார் சொல்வார்கள். பகல் முழுக்க அடக்கியதுதான் அங்கே வெளியே வருகிறது. இன்னும் ஒன்று: கை உதறலை அதட்டி நிறுத்தினால் அந்த இடத்துக்கு நகம் கடிப்பது, தோலைப் பிய்ப்பது என்று மோசமான ஒன்று வந்து உட்காரலாம்.

தலையைச் சுவரில் இடிக்கிறான், தன் கையைத் தானே கடிக்கிறான். அதையும் விட்டுவிடுவதா?

இல்லை, அதை விடக்கூடாது. ஆனால் ‘செய்யாதே’ என்பதில் தொடங்காமல், ஏன் இன்றைக்கு, ஏன் இந்த நேரத்தில் என்பதில் தொடங்குங்கள். புதிதாகவோ திடீரென்று கூடியோ வந்தால் முதலில் உடம்பைப் பாருங்கள்: காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், வயிற்றெரிவு, தூக்கமின்மை. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை வலிக்கும் பக்கத்திலேயே அடித்துக்கொள்வதுண்டு. உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். ஒரு வாரத்தில் ஏதாவது தெரியவரும்: மிக்ஸர் போடும் நேரம், டியூஷன் முடிந்து வரும் நேரம், கேட்டது கிடைக்காத நேரம்.

இடிக்கும் இடத்தில் உங்கள் கையையோ தலையணையையோ வையுங்கள். அதே உணர்வைத் தரும், காயம் தராத ஒன்றைக் கையில் கொடுங்கள். கடிக்கிறவனுக்குக் கடிக்கவென்றே செய்த ரப்பர் மாலை இருக்கிறது, அது இல்லாவிட்டால் நன்றாகக் கழுவிய தடித்த துணி முடிச்சு. இடிக்கிறவனுக்குப் பாரமான மெத்தைக்குள் புரள்வது, சுவரைக் கையால் தள்ளுவது. ஆடுகிறவனுக்கு ஊஞ்சல். வெள்ளவத்தை அடுக்குமாடியில் ஊஞ்சலுக்கு எங்கே இடம் என்று கேட்காதீர்கள், கதவு நிலையில் போடும் கம்பி போதும். அம்மம்மாமார் ஏணை கட்டத் தெரிந்தவர்கள், அவர்களைக் கேளுங்கள். இரத்தம் வருமளவுக்கோ, கண்ணில் குத்துமளவுக்கோ, தலையைத் திரும்பத் திரும்ப இடிக்குமளவுக்கோ போனால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், டொக்டரிடம் போங்கள்.

இது வலிப்பாக இருக்குமோ? அல்லது டிக் என்கிறார்களே, அதுவோ?

கூப்பிட்டுப் பாருங்கள், மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஸ்டிமிங் என்றால் பெரும்பாலும் ஒரு கணமாவது நிற்கும். வலிப்பு நிற்காது. கண் வெறித்து, கூப்பிட்டும் கேட்காமல், பிறகு நடந்தது நினைவில்லாமல் இருந்தால் வலிப்பா என்று பார்க்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, முக்கியமாகத் தூங்கி எழும்பும் நேரத்தில், தலை குனிந்து கையை விரித்து வெட்டி வெட்டி இழுத்து, அதையே கொத்துக் கொத்தாகச் செய்தால் அது ஒரு வகைக் கடுமையான வலிப்பாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

டிக் பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதளவில் தொடங்கும். கண் சிமிட்டுவது, மூக்கைச் சுளிப்பது, தோளைக் குலுக்குவது, தொண்டையைச் செருமுவது என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும், வரும் முன் ஓர் உறுத்தல் தெரியும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். கை உதறல் அதைவிட முன்னதாகத் தொடங்கி, ஒரே மாதிரியே இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அரிதானது என்றாலும். பெண் குழந்தை ஒன்று நன்றாக விளையாட்டுச் சாமானைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தக் கை வேலையை மறந்து, கை கழுவுவது போல இரண்டு கையையும் பிசைந்துகொண்டே இருந்தால் ரெட் நோய்க்குறியா என்று பார்ப்பார்கள். ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற மருத்துவர் 1966-இல் விவரித்தது. அதற்குக் காரணமான மரபணு 1999-இல் தெரியவந்தது. பழகிய திறமை கைவிட்டுப் போவது எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாத அறிகுறி.

டீவி, ஃபோன் பார்த்ததால் வந்ததா?

இல்லை. டீவிக்கு முன்னால் கூடுதலாக உதறுவது, அதில் வருவது அவனுக்குப் பிடித்திருப்பதால். பார்க்கும் நேரத்தைக் குறைப்பது தூக்கத்துக்கும் பேச்சுக்கும் நல்லது, அது வேறு விஷயம்.

மற்றப் பிள்ளைகள் பார்த்துப் பழகிவிடுவார்களா?

இரண்டு நாள் செய்து பார்ப்பார்கள். பிறகு மறந்துவிடுவார்கள்.

நாவூறு என்று நூல் கட்டச் சொல்கிறார் மாமியார்.

கட்டுங்கள். மாமியாரோடு சண்டை பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் நூல் கட்டியாயிற்று, ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும் என்று சொல்லிக் கிளினிக் போவதை ஒத்திப்போடாதீர்கள். குணப்படுத்துகிறோம் என்று விலை சொல்லி விற்கும் சொட்டுமருந்தையும் பவுடரையும் பற்றி இதே பொறுமையோடு என்னால் பேச முடியாது. கை உதறலைப் போக்கும் மருந்து கிடையாது. குளோரின் டையொக்சைட் கரைசல், உடம்பிலிருந்து உலோகம் எடுக்கும் சிகிச்சை போன்றவற்றை ஓட்டிசத்துக்கு விற்பதை எதிர்த்து அமெரிக்க மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. அவை பிள்ளையைக் கொல்லக்கூடியவை.

பள்ளிக்கூடத்தில் ரீச்சர் முறைப்பாடு சொல்கிறார். வகுப்புக்குக் குழப்பமாம்.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு புலமைப்பரிசில் பாடமும் முடிக்க வேண்டிய ரீச்சரின் கஷ்டம் எனக்குத் தெரியும். அதனால் ‘நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்’ என்று தொடங்காமல், கையில் இரண்டு மூன்று வழிகளோடு போங்கள். பின்னால் உள்ள பிள்ளைக்கு மறைக்காதபடி ஓரத்தில் ஓர் இடம். மேசைக்குக் கீழே வைத்துப் பிசைய ஒரு சின்னப் பந்து. பாட மாற்றத்தில் கரும்பலகை அழிப்பதோ, கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு போவதோ அவன் வேலை. மணியோசை பொறுக்கவில்லை என்றால் மணி அடிக்கப் போகிறது என்று ஒரு நிமிடம் முன்பே சொல்வது. இவை காசு கேட்காதவை, ரீச்சருக்கும் இலகு.

அடி விழுகிறது என்று தெரிந்தால் அது வேறு கதை. பள்ளிக்கூடத்தில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கையே இருக்கிறது. அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929.

பஸ்ஸில், கோயிலில் எல்லாரும் பார்க்கிறார்கள். என்ன சொல்வது?

நீளமாக விளக்கப் போகாதீர்கள். ‘அவருக்குச் சந்தோஷம், அதுதான்’ என்று சிரித்துச் சொன்னால் பெரும்பாலானோர் திரும்பிக்கொள்வார்கள். சிங்களத்தில் ‘எயாட்ட சந்தோசய்’ போதும். ஆடிவேல் தேர் நேரம் போல மேளமும் வெடியும் சேரும் இடத்துக்குப் போவதென்றால் காது மூடியைக் கொண்டு போங்கள், கூட்டத்தின் ஓரத்தில் நில்லுங்கள், தாங்காவிட்டால் எந்த வழியால் வெளியேறுவது என்று முன்பே பார்த்து வையுங்கள். ‘ஆட்கள் பார்க்கிறார்கள், கையை வை’ என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அவன் கை அடங்கும், ஆனால் தன்னைப் பார்த்து நீங்கள் வெட்கப்படுகிறீர்கள் என்பதைக் கற்றுக்கொள்வான்.

எனக்கும் சின்ன வயதிலிருந்தே தனிமையில் கை உதறும் பழக்கம் உண்டு. எனக்கும் ஓட்டிசமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் அப்பாமார் கூடிவருகிறார்கள், பிள்ளைக்கு ஓட்டிசம் என்று சொல்லப்பட்ட பிறகு தங்களையே திரும்பிப் பார்க்கிறார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கவனக்குறைவும் அமைதியின்மையும் சேர்ந்த ஏடிஎச்டி உள்ளவர்களும் ஏதாவது அசைத்துக்கொண்டே இருப்பார்கள். பதற்றம் உள்ளவர்களும் அப்படித்தான். அந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. சத்தம், கூட்டம், ஆட்களின் முகக்குறிப்பு, திடீர் மாற்றம் எல்லாம் சின்ன வயதிலிருந்தே உங்களைப் பாடாய்ப் படுத்தியிருந்தால் மனநல மருத்துவர் ஒருவரிடம் கேளுங்கள். எதுவானாலும், மகன் உதறும்போது நீங்களும் கூட உதறலாம். அப்படிச் செய்யும் ஓர் அப்பா எங்களிடம் வருவார், அவர் மகனின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, எங்கே போய்க் காட்டுவது?

முதலில் உங்கள் பகுதிக் குடும்ப நல மருத்துவ மாதுவிடமும் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கிலும் சொல்லுங்கள், பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டு போங்கள். அங்கிருந்து பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான அயாட்டி நிலையமும் உண்டு. அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. இது அரிதான விஷயம் என்று நினைத்துக் கூச்சப்படாதீர்கள். பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் மற்றவர்களும் இலங்கையில் ஒன்றரை முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 93 பேருக்கு ஒருவர் என்று கண்டார்கள்.

பரிசோதனை தமிழில் நடக்க வேண்டும் என்று கேளுங்கள். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ‘பந்தைத் தா’ என்றால் அவன் தராமல் இருப்பதற்கு எத்தனையோ காரணம் உண்டு. மொழிபெயர்க்க ஆளில்லை என்றால் நீங்களே ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

கை உதறும்போது ஃபோனில் சின்ன வீடியோவாக எடுத்து வையுங்கள். டொக்டர் அறையில் அவன் கட்டாயம் செய்ய மாட்டான். முகமும் முழு உடம்பும் தெரிய வேண்டும், நடுவில் ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அதில் பதிய வேண்டும். சந்தோஷத்தில் ஒன்று, களைப்பில் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. அதோடு அவன் விளையாடும்போது, உங்களைக் கூப்பிடும்போது, எதையாவது கேட்கும்போது எடுத்ததும் ஒன்று இருக்கட்டும். டொக்டர் அதைத்தான் கூடுதல் நேரம் பார்ப்பார்.